தண்ணீர் வடியட்டும் என்கிறவர்களுக்கு

பட்டினியாகக் கிடக்கிறவரிடம் போய் ‘மனசு எப்படி இருக்கு?’ என்று கேட்பதா? முதலில் சோறு, தார்ப்பாய், கொசுவர்த்தி. தண்ணீர் வடியட்டும், கரண்ட் வரட்டும், வேலைவெட்டி தொடங்கட்டும். ஆராய்ச்சியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பேரிடரின்போதும் புதுச்சேரியில் இந்தப் பேச்சு எழுகிறது. நிவாரணப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்குகிற இளைஞர்கள் சொல்கிறார்கள். வருவாய்த்துறை அதிகாரிகள் சொல்கிறார்கள். ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழுக்களில் இருக்கும் மூத்த மருத்துவர்களிலும் இப்படி நினைப்பவர்கள் உண்டு.

இரக்கத்திலிருந்து பிறக்கும் கருத்து இது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் இதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆனால் இந்த ஊரின் ஏழைகளுக்கு இந்தக் கருத்து தீங்கு செய்கிறது என்று நான் நினைக்கிறேன். அவர்களைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே, அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாத நிலையிலேயே ஊரை வைத்திருக்கிறது.

தண்ணீர் எப்போது வடிந்தது என்று முதலில் கேட்டுப் பார்ப்போம். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தாவணி போட்டிருந்த வயதில், 1980களின் பிற்பகுதியில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டப்பட்டது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதில் தடைபட்டது. நகரத்தின் கடற்கரை கரைந்தது. வலை காயப்போடவும் கட்டுமரம் ஏற்றவும் இருந்த மணல்வெளி பாறாங்கல் குவியலாயிற்று. அரிப்பு குப்பம் குப்பமாக வடக்கே ஏறிக்கொண்டே போகிறது. அவருக்கு முப்பது வயதானபோது சுனாமி. நகரத்தின் நடுப்பகுதியைப் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கடல் சுவர் காத்துவிட்டது என்று அப்போது பெருமையாக எழுதினார்கள். அந்தச் சுவரின் காவலுக்கு வெளியே இருந்த குப்பங்களைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. ஒன்றியப் பகுதி முழுவதிலும் ஏறத்தாழ 600 பேர் போனார்கள். பெரும்பாலோர் காரைக்கால் கரையில். ஏழு ஆண்டு கழித்து, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு: ஏலத்தில் மீன் எடுக்கக் கையில் செல்லும் நோட்டு இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. அது தளர்வதற்குள் மீன்பிடித் தடைக்காலம். அதே ஆண்டு நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் புயல், முகக்கவசத்தோடு முகாமில் படுக்கை. அடுத்த கோடையில் தொற்றின் இரண்டாம் அலை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல், ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை, கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி ஆட்களை மீட்டது. இவற்றுக்கு நடுவே குழுக்கடன், தண்டல், மகளின் கல்யாணக் கடன்.

இதில் எந்த இடைவெளியில் போய் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்? ‘அப்புறம்’ என்கிறீர்களே, அந்த அப்புறம் எந்த ஆண்டு?

கடலோரம் மட்டுமில்லை. முதலியார்பேட்டையின் ரோடியர் மில், 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி., ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சம்பளம் தந்தது. தானே புயல் அதன் கூரையோடு உற்பத்தியையும் சாய்த்தது. அதன்பின் தொழிலாளர்கள் லே-ஆஃபில், பாதிச் சம்பளத்தில், ‘திறப்பார்கள்’ என்ற நம்பிக்கையில் ஆண்டுகளைக் கழித்தார்கள். கடைசியில் மில் நிரந்தரமாக மூடப்பட்ட நாள் 2020 ஏப்ரல் 30. ஊரடங்கின் உச்சம். வேறு வேலை தேடத் தெருவில் இறங்கவும் முடியாத மாதம். ஐம்பது வயதில் வேலை போன ஒரு மில்காரருக்குப் புயல், ஆலை மூடல், பெருந்தொற்று மூன்றும் ஒரே கதை. 1936இல் துப்பாக்கிச் சூட்டுக்கு நெஞ்சைக் கொடுத்து எட்டு மணி நேர வேலையை வாங்கிய தொழிலாளர்களின் பேரன்மார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன நினைத்தார்கள், யாரிடம் சொன்னார்கள்? நெருக்கடியை வந்து போகும் விருந்தாளியாக நினைக்கிறவர்கள்தான் ‘முடியட்டும், பிறகு கேட்கலாம்’ என்று அறிவுரை சொல்ல முடியும். இங்கே அது வீட்டு ஆள்.

இனி எண்ணிக்கைகளைப் பார்ப்போம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2015இல் லட்சம் பேருக்கு 43.2 தற்கொலைகள் என்று நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது புதுச்சேரி. அப்போது தேசிய அளவு 10.6. பெருந்தொற்றின் முதல் ஆண்டான 2020இல் நம் எண் 26.3, 2021இல் 31.8, 2022இல் 29.7. அந்த மூன்று ஆண்டுகளிலும் தேசிய அளவு 11-க்கும் 12.4-க்கும் இடையில். ஆண்டுதோறும் இந்தப் பட்டியல் வரும், பத்திரிகைகளில் ஒரு பத்தி வரும், அடங்கிவிடும். இந்த எண்ணே சரியில்லை என்பாரும் உண்டு. ஜிப்மர் மருத்துவமனைக்குக் கடலூர், விழுப்புரத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள், அந்தச் சாவுகளும் இங்கே சேர்ந்துவிடுகின்றன என்பார்கள். பெரும்பகுதி நகரமாக உள்ள சின்ன ஒன்றியப் பகுதியைப் பெரிய மாநிலங்களோடு ஒப்பிடக் கூடாது என்பார்கள். இருக்கலாம். ஆனால் இதைத் தீர்க்க வழி என்ன? போய்ப் பார்ப்பதும் கேட்பதும்தானே! பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 12 மாநிலங்களுக்குப் போனது. தமிழ்நாடு அதில் உண்டு. நாட்டிலேயே தற்கொலை விகிதம் உச்சத்தில் இருந்த அதே நேரத்தில், புதுச்சேரி அதில் இல்லை.

2020இல் ‘இது ஆராய்ச்சிக்கு நேரமில்லை’ என்று சொன்னார்களே, ஆராய்ச்சி நின்றதா? நிற்கவில்லை. நாடு முழுக்க இணையவழி மனநலக் கணக்கெடுப்புகள் நடந்தன. இந்திய மனநல மருத்துவர் சங்கம் நடத்திய ஒன்றில் 1,685 பேரின் பதில்கள் ஆராயப்பட்டன. 38 சதவீதத்தினருக்குப் பதற்றம், 10 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு என்று முடிவு வந்தது. அவசரத்தில் செய்யக்கூடியதை அவர்கள் செய்தார்கள்; குறை சொல்லவில்லை. ஆனால் அலைபேசியில் சுட்டியைத் தட்டிப் படிவத்தை நிரப்பக்கூடியவர்கள் யார்? வைத்திக்குப்பத்து மீன்காரம்மாவா? நகராட்சியின் துப்புரவுப் பணியாளரா? கடைகளில் காசு கேட்கவும் வழியில்லாமல் அறைக்குள் அடைபட்ட திருநங்கையரா? ‘துன்பத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்’ என்ற விதி, வசதி இருந்தவர்களைப் பற்றிய ஆய்வை ஒரு நாளும் தடுக்கவில்லை. ஏழைகளைப் பற்றிய ஆய்வை மட்டும் தடுத்தது. 

மருத்துவ ஆய்வு நெறிகளுக்கு உலகமே மேற்கோள் காட்டும் ஹெல்சின்கிப் பிரகடனம் 2024இல் திருத்தப்பட்டது. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களை ஆய்விலிருந்து விலக்கி வைப்பதும் அவர்களுடைய பின்னடைவை நீட்டிக்கக்கூடும், பெருக்கக்கூடும்; ஆகவே சேர்ப்பதன் தீங்கோடு விலக்குவதன் தீங்கையும் எடை போட வேண்டும் என்று அதில் இப்போது எழுதப்பட்டிருக்கிறது. நம் நெறிமுறைக் குழுக்கள் எடை போடும்போது தராசின் ஒரு தட்டில்தான் எப்போதும் கல் வைக்கின்றன. கேட்டதால் ஒரு பெண் அழுதால் அது பதிவாகும். கேட்காததால் ஒருவர் செத்தால் அது எந்தக் குழுவின் கோப்பிலும் ஏறாது.

கேட்டால் புண்ணைக் கிளறியதாகும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் போய்ப் பேசுகிறவருக்குக் கை நடுங்க வேண்டும்தான். ஆனால் பயம் எதைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பதே அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக உண்டு. நியூயார்க் மாநிலத்தில் பள்ளி மாணவர் 2,342 பேரிடம் இதைச் சோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டார்கள், மற்றப் பிரிவினரிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களிடம் வேதனையும் கூடவில்லை, எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கு வேதனை சற்று இறங்கியே இருந்தது. அமெரிக்கப் பள்ளி நம் குப்பம் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் நம் குப்பத்தில் எப்படி என்று கண்டுபிடிக்கத்தான் வேண்டும். பயத்தையே சான்றாக வைத்துக்கொள்ள முடியாது.

நிஜமாகத் தீங்கு செய்வது வேறொன்று. நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் வலுக்கட்டாயமாகச் சொல்ல வைப்பது, அழ வைத்துவிட்டு எழுந்து போவது. அதைச் செய்யாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. சொல்ல விரும்பாதவரைச் சொல்ல வைக்காமல், பக்கத்தில் இருந்து, தேவையைக் கேட்டு, உதவியோடு இணைத்துவிடுவது என்ற முதலுதவி முறையை அது 2011இல் கையேடாகவே வெளியிட்டது. கேட்கக் கூடாது என்று அந்தக் கையேடு சொல்லவில்லை. எப்படிக் கேட்பது என்று சொல்கிறது.

இன்னொரு வாதம், படித்தவர்களிடமிருந்து வருவது. நெருக்கடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது எது எதற்குக் காரணம் என்று பிரிக்கவே முடியாது, அந்தத் தரவு குழம்பிய தரவு, அறிவியலுக்கு உதவாது என்கிறார்கள். எனக்கு மிகவும் ஆத்திரமூட்டும் வாதம் இதுதான். ஏனென்றால் பிரிக்கும் வேலை ஏற்கெனவே தினமும் நடக்கிறது, காவல் நிலையத்தில். ஒவ்வொரு தற்கொலைக்கும் ஒரு காரணம் எழுதப்படுகிறது. 2021இல் நாட்டில் நடந்த 1,64,033 தற்கொலைகளில் 33.2 சதவீதம் ‘குடும்பப் பிரச்சினை’, 18.6 சதவீதம் ‘நோய்’. மில் மூடி, கடன் ஏறி, குடி கூடி, வீட்டில் சண்டை முற்றி ஒருவர் சாகிறார். பதிவேட்டில் ‘குடும்பப் பிரச்சினை’ என்று விழுகிறது. அத்தோடு ஆலையும் கடன்காரரும் சாராயக்கடையும் அந்தக் கணக்கிலிருந்து கழன்றுகொள்கின்றன. இறந்தவர்களில் நான்கில் ஒருவர் தினக்கூலி என்பதையும் அதே அறிக்கைதான் சொல்கிறது. 42,004 தினக்கூலிகளின் குடும்பங்களில் என்னென்ன பின்னிக் கிடந்தன என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை. ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்கிறவர்கள், இந்த ஒற்றைக் காரணப் பட்டியலையே கடைசி உண்மையாக விட்டுவைக்கிறார்கள்.

பின்னிக் கிடப்பதைப் பிரிக்க முடியும் என்பதற்கு நம் மொழி பேசும் மண்ணிலேயே சான்று இருக்கிறது. சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் 296 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து, 2008இல் வெளியானது. சுனாமியைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் சுனாமிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று வந்திருக்கும். அவர்கள் போரைப் பற்றியும் கேட்டார்கள், வீட்டில் விழும் அடியைப் பற்றியும் கேட்டார்கள், அப்பாவின் குடியைப் பற்றியும் கேட்டார்கள். பிள்ளைகளின் மனக்காயத்தில் சுனாமி, போர், வீட்டு அடி மூன்றுக்கும் தனித்தனிப் பங்கு இருந்தது. போரைக் கண்ட வீட்டிலும் அப்பா குடிக்கும் வீட்டிலும் பிள்ளைகள் அதிகம் அடிபட்டார்கள். பேரலை போன பிறகும், துப்பாக்கி ஓய்ந்த பிறகும், அந்தப் பிள்ளை தினமும் மாலையில் கதவுச் சத்தத்துக்கு நடுங்கியது. அதை எந்த நிவாரணப் பொட்டலமும் தீர்க்காது, யாராவது கேட்டாலொழிய வெளியிலும் வராது.

புதுச்சேரியில் இந்தக் கேள்விக்கு இருக்கும் கனத்தைச் சொல்லத் தேவையில்லை. மது இந்த ஊர் அரசின் முக்கிய வருமானங்களில் ஒன்று. முதல் ஊரடங்கில் ஏறக்குறைய இரண்டு மாதம் கடைகள் மூடிக் கிடந்தபோது குடிக்கு அடிமையானவர்களின் உடம்பும் மனமும் என்ன பாடுபட்டன, திறந்தபின் வீடுகளில் என்ன நடந்தது என்பது பெரிய ஆய்வுக்குரிய விஷயம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயத்தில் மீனவர்கள் செத்து விழுந்தார்கள். சாராயத்தில் கலந்த மெத்தனால் புதுச்சேரி வழியாக வந்தது என்று விசாரணையில் தெரிந்தது. புயலைப் பற்றி மட்டும் கேட்கும் ஆய்வு இதைத் தொடாது. பல நெருக்கடிகளைச் சேர்த்துக் கேட்கும் ஆய்வுதான் தொடும். அதைக் குழப்பம் என்று ஒதுக்குவது யாருக்கு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டின் ஒரு மீனவக் கிராமத்தில் சுனாமிக்குப் பின் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2007இல் வந்தது. 12.7 சதவீதத்தினரிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகள் கண்டறியப்பட்டன. யாருக்கு அதிகம்? பெண்களுக்கு, காயம்பட்டவர்களுக்கு, வீட்டில் வருமானமே இல்லாதவர்களுக்கு. ‘சோறா மனசா’ என்று கேட்கிறவர்களுக்கு அந்தக் கடைசி வரி போதும். வருமானம் இல்லாத வீட்டில்தான் அலை மனத்துக்குள் அதிகம் புகுந்தது. மனநல ஆய்வு ஒழுங்காக நடந்தால் அது சோற்றுக்கான வாதமாகத்தான் வந்து சேரும். புதுச்சேரியில் ரேஷன் கடைகள் பல ஆண்டு பூட்டிக் கிடந்து, அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று ஓட்டி, 2024 அக்டோபரில்தான் மறுபடி திறந்தன. அந்த ஆண்டுகளில், பெருந்தொற்றும் புயலும் வந்த ஆண்டுகளில், அரிசிப் பானையைப் பார்த்தபடி ஒரு தாய்க்குத் தூக்கம் கெட்டதை யாராவது அளந்திருந்தால், கடையைத் திறக்கச் சொன்னவர்களின் கையில் அது ஆயுதமாக இருந்திருக்கும்.

நெருக்கடியின் நடுவே ஆய்வு செய்தால் தரவு கெட்டுவிடும் என்பவர்கள் செயின்ட் லூயி தெருவுக்குப் போய்ப் பார்க்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் கடனையும் வேலையையும் பற்றி 2010 முதல் அதே குடும்பங்களிடம் திரும்பத் திரும்பப் போகிறார்கள். 2016இல் அவர்கள் பாதிக் கணக்கெடுப்பில் இருந்தபோது பணமதிப்பிழப்பு வந்தது. மூட்டை கட்டவில்லை. அறிவிப்புக்கு முன் கேட்ட வீடுகளையும் பின் கேட்ட வீடுகளையும் வைத்து, மக்கள் எப்படி முன்னைவிடக் கூடுதலாக உறவு, சாதி வலைகளையும் வாய்மொழிக் கடனையும் சார்ந்தார்கள் என்று காட்டினார்கள். ஊரடங்கின்போதும் அதே ஊர்களின் கடன் நிலையை எழுதினார்கள். அது மனநல ஆய்வு இல்லை. ஆனால் ஒரே வீட்டுக்கு ஆண்டுகள் கடந்து திரும்பிப் போனால், இடையில் விழும் பேரிடி எதுவாக இருந்தாலும் அதன் தடத்தைப் பிடிக்கலாம் என்பதை நம் ஊர் நிறுவனமே செய்து காட்டிவிட்டது.

‘அவர்கள் வேதனை எங்களுக்குத் தெரியாதா, இதற்கு ஒரு ஆராய்ச்சியா?’ என்று கேட்பவர்களும் உண்டு. தெரியும் என்று நினைத்த இடத்தில்தான் நாம் அதிகம் தவறியிருக்கிறோம். 2009 மே மாதம் ஈழப்போர் முடிந்தது. அடுத்த சில மாதங்களில், முகாம்களில் மக்கள் இன்னும் அடைபட்டிருந்தபோதே, யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. போர் என்றால் அதிர்ச்சிநோய் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது 7 சதவீதம். மனச்சோர்வு 22.2 சதவீதம். பதற்றம் 32.6 சதவீதம். குண்டுச் சத்தத்தின் நினைவைவிட, காணாமல் போன பிள்ளை, திரும்ப முடியாத காணி, நாளைக்கு என்ன என்ற கேள்வி ஆகியவை அதிக ஆட்களை வாட்டியிருக்கக்கூடும் என்று அந்த எண்களைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்தில் பதிற்றாண்டுகளாக மருத்துவம் பார்த்த தயா சோமசுந்தரம், தனிமனிதக் காயத்தோடு நிற்காமல் ஊரும் உறவும் சேர்ந்து சிதைந்ததைக் கூட்டுக் காயமாக எழுதினார். போர் நடந்துகொண்டிருந்த, சுனாமி அடித்த நிலத்தில், அங்கேயே இருந்து கேட்டதால் அவருக்குக் கிடைத்த அறிவு அது. எல்லாம் ஓயட்டும் என்று அவர் காத்திருந்தால் தமிழில் பேரிடர் மனநலம் பற்றிப் பேச நமக்குப் பாதிச் சொற்கள்கூட இருந்திருக்காது.

ஒரு எதிர்ப்பை மட்டும் நான் முழுமையாக ஏற்கிறேன். சுனாமிக்குப் பின் இந்தக் கரை கண்ட காட்சி அது. ஊர் பெயர் தெரியாதவர்கள், மொழி தெரியாதவர்கள், கையில் படிவத்தோடு வந்தார்கள். ஒரே முகாமில் ஒரே தாயிடம் ஐந்து குழுக்கள் கேட்டன. பிள்ளைகளிடம் அலையை வரையச் சொன்னார்கள். பதிலை எடுத்துக்கொண்டு போனார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று அந்தத் தாய்க்குச் சொல்ல யாரும் திரும்பவில்லை. இலங்கையில் அதுல சுமதிபால போன்ற மருத்துவர்கள் அப்போதே இதைக் கண்டித்து, பேரிடர் ஆய்வுக்கு நெறி வேண்டும் என்று குழு அமைத்துப் போராடினார்கள். அந்தக் கோபத்தில் எனக்குப் பங்குண்டு. ஆனால் சுமதிபால ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊர்க்காரர்களே அதை நடத்த வேண்டும், பலன் ஊருக்கே வர வேண்டும் என்றார். கெட்ட ஆய்வின் கொடுமையைக் காட்டி எல்லா ஆய்வையும் தடுப்பவர்கள், வெளியிலிருந்து பறந்து வருகிறவர்களைத் தடுப்பதில்லை. அவர்களுக்கு எப்படியோ அனுமதி கிடைத்துவிடும். தடுக்கப்படுவது உள்ளூர் மருத்துவ மாணவியின் ஆய்வு.

ஆய்வே நிவாரணமாக இருக்க முடியும் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோம். 1986இல் சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தமிழ்நாட்டின் இலங்கை அகதிகள் முகாம்களில் ஓர் ஆய்வு நடத்தினார். போர், இடப்பெயர்ச்சி, முகாம் வாழ்க்கை என்று அடுக்கடுக்காகப் பட்டவர்கள் அவர்கள். முகாமிலிருந்தே தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து, ஆபத்தில் இருப்பவர்களைத் தொடர்ந்து சந்தித்துப் பேசவைத்து, தாங்க முடியாத நேரத்தில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அப்படிச் செய்த முகாமில், செய்யாத முகாமைவிடத் தற்கொலை முயற்சிகள் குறைந்தன. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் விவசாயிகளின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் பெட்டி போட்டுப் பூட்டி வைக்கும் ஏற்பாட்டையும் அவர்கள் ஆய்வாகத்தான் செய்தார்கள். அங்கேயும் சாவு குறைந்தது. எங்கிருந்து எவ்வளவு தூரம்? புதுச்சேரியிலிருந்து ஒரு பேருந்துப் பயணம். இவை நடந்திராவிட்டால் அந்த உயிர்கள் ‘குடும்பப் பிரச்சினை’ என்ற வரியில் போயிருக்கும்.

ஆகவே வாதத்தை விட்டு வேலைக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பன்னிரண்டரை லட்சம் பேர் இருந்த இந்தச் சின்னப் பகுதியில் அரை டசனுக்கு மேல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பட்ட மேற்படிப்பு மாணவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஜிப்மருக்குக் குருசுக்குப்பத்தில் நகர்ப்புற நலவாழ்வு மையம் இருக்கிறது, ராமநாதபுரத்தில் கிராமப்புற மையம் இருக்கிறது. ஆளும் இடமும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளில் பேரிடர்க்கால ஆய்வுக்கென்றே தனி அதிகாரம் உண்டு. வரக்கூடிய பேரிடருக்கு ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே தயாரித்து வைப்பதை அது வரவேற்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். புயல் கரையேறிய பிறகு விண்ணப்பம் போட்டு, குழு கூடி, திருத்தம் கேட்டு, பொங்கலுக்கு அனுமதி தருவதில் என்ன அர்த்தம்? ஜூலையிலேயே திட்டம் அனுமதி பெற்றுத் தயாராக இருக்கட்டும்.

அந்தத் திட்டத்தில் வைத்திக்குப்பத்து, சோலைநகர் மீனவக் குடும்பங்களும் முதலியார்பேட்டை மில் குடும்பங்களும் இருக்கட்டும். புயல் வருவதற்கு முன்பே ஒருமுறை போய்க் கேட்டிருக்க வேண்டும், பின்னும் ஆண்டுக்கணக்கில் அதே வீடுகளுக்குப் போக வேண்டும். தூக்கம், பசி, கடன், குடி, அடி, கடல் அரிப்பு, தடைக்காலம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். என்ன கேட்கலாம் என்பதை அந்தக் குப்பத்துப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். கேட்கிறவர் பின்னாலேயே மருத்துவரும் மருந்தும் இருக்க வேண்டும். உயிராபத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் அன்று மாலையே சிகிச்சையில் சேர்க்க முடிய வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வருவது மட்டும் போதாது, அந்த எண்ணை அழைக்க வேண்டியவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்றாலும். முடிவு தமிழில், ஊர்ப் பஞ்சாயத்தின் முன்னால், சம்பந்தப்பட்ட துறைகளின் அதிகாரிகளை உட்கார வைத்துப் படிக்கப்பட வேண்டும். இவ்வளவும் செய்ய முடியாத குழுவுக்கு அனுமதி மறுங்கள். நானும் உங்களோடு நிற்பேன். செய்ய முடிந்த குழுவை ‘இப்போது வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பும் நெறிமுறைக் குழு, அந்த மறுப்புக்கான காரணத்தையும், எந்தத் தேதியிலிருந்து கேட்கலாம் என்பதையும் எழுத்தில் தரட்டும்.